உள்பக்கம் அளந்த சுவர்

ஒரு சுவருக்கு உள்ளே ஒரு நீளம், வெளியே ஒரு நீளம் என்று இருக்குமா? இருக்காது என்றுதான் யாரும் சொல்வார்கள். பேருந்துப் பணிமனையின் ஸ்டோர்க்காரரும் அப்படித்தான் நினைத்தார். நினைத்ததோடு நிறுத்தியிருந்தால் ஒரு பாவமும் இல்லை. ஊர் கூடிய கூட்டத்தில் அதை அடித்துப் பேசவும் செய்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மனிதர் கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ரப்பர் குழாயும் ஒயரும் சீட்டுத் துணியும் அளந்து கொடுப்பவர். இடுப்பு பெல்ட்டில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. டிரைவர்களும் மெக்கானிக்குகளும் அவருக்கு வைத்த பெயரே ‘டேப்பு’. கேலியாக வைத்த பெயர்தான், ஆனால் அவருக்கு உள்ளூர அதில் ஒரு பெருமை உண்டு.

பணிமனை இருந்த தெருவின் நூலகத்தில் ஒரு அம்மா இருந்தார். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைவதைப் பார்த்துப் பார்த்து, இதையெல்லாம் ஊர் பார்க்கிற இடத்தில் வரைய வைத்தால் என்ன என்று கிளம்பியவர். வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கினார். பணிமனை தன் வெளிச்சுவரைக் கொடுத்தது. பெயிண்ட் கடைக்காரர் பெயிண்ட் தருவதாகச் சொன்னார். கட்டட மேஸ்திரி ஒருவர் சக்கரம் வைத்த சாரத்தை நான்கு நாள் லீவுக்கு இரவல் கொடுத்தார். இருபத்து நான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ‘நம்ம தெரு’ என்பது தலைப்பு.

கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, “உங்களுக்கு வேண்டிய பிள்ளைக்குப் பெரிய இடம், மத்தவங்களுக்குச் சந்துன்னு ஆயிடக் கூடாது பாருங்க” என்றார். நூலகத்தம்மா நிதானமாகச் சொன்னார்: “எல்லாருக்கும் நாலடி. ஒரு அங்குலம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இது என் வாக்கு.”

இருபத்து நான்கு பேருக்கு நான்கடி என்றால் தொண்ணூற்றாறு. எல்லோரும் திரும்பி டேப்பைப் பார்த்தார்கள்.

“தொண்ணூத்தாறு இருக்கு. அளந்துட்டேன்” என்றார் அவர்.

பெயிண்ட் கடைக்காரர் பயந்த சுபாவம். “இன்னொரு தடவ வெளிப்பக்கமா அளந்து பாத்துட்டா நல்லதுண்ணே” என்றார் மெல்ல. ஸ்டோர்க்காரர் உள்பக்கம்தான் அளந்திருந்தார். வெளிப்பக்கம் எப்போதும் மூன்று பஸ்ஸாவது சுவரை ஒட்டி நிற்கும், கைவண்டிகள் நிற்கும், சாக்கடை வேறு. உள்பக்கம் அவருடைய ஸ்டோரை ஒட்டிச் சுத்தமான நடைபாதை.

“இருபத்திரெண்டு வருஷமா அளக்குறேன். என் டேப் மேல நம்பிக்கை இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்க” என்றார். கூட்டம் சிரித்தது. பெயிண்ட் கடைக்காரர் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டார். கடைசி வரிசையில் ஸ்டோர்க்காரரின் மகள் பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்து, “எங்கப்பா” என்றாள்.

அவளுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு வந்த பிறகும் வீட்டில் ‘வாண்டு’தான். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வந்தது இருபத்து நான்காம் நம்பர், சுவரின் வலது கோடி. பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதுதான் அவள் படம். இரண்டு மாதம் ஸ்டாப்பில் போய் நின்று ஒவ்வொருவராக நோட்டில் பிடித்துக்கொண்டு வந்தாள். அரைத் தூக்கத்தில் சாயும் காவலாளி, செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்ட அம்மாள், குடையை விரிக்கத் தெரியாமல் சண்டை போடும் கிழவர், உதட்டை அசைத்துத் தனியாகப் பேசும் நர்ஸ். ஸ்டோர்க்காரருக்கு ஏழு பேரையும் சொந்தக்காரர்களைப் போலத் தெரியும்.

அந்தப் படத்தை அப்படியே நான்கடி அகலப் பழுப்புக் காகிதத்தில் பெரிதாக்க வேண்டும். பிறகு கோடு நெடுக ஊசியால் குத்த வேண்டும். சுவரில் ஒட்டி, சாக்பீஸ் தூள் கட்டிய துணி மூட்டையால் தட்டினால் துளை வழியாகப் படம் சுவரில் இறங்கும். எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் செய்தார்கள். வாண்டு தன் காகிதத்தைக் கூடத்தில் விரித்துவிட்டாள். பத்து நாள் வீட்டில் எல்லோரும் சுவரோரமாகப் பல்லி மாதிரி நடந்தார்கள். அம்மா தையல்காரி. அவளுடைய ஊசிகளில் பதினொன்று வாண்டு கையில் மழுங்கின.

சாரம் ஒன்றுதான் இருந்தது. அதனால் ஒரு நாளைக்கு ஆறு பிள்ளைகள், இடமிருந்து வலமாக நான்கு நாள் என்று ஏற்பாடு. முன்கூட்டிக் கோடு போட்டால் தூசியில் அழிந்துவிடும் என்பதால் அன்றன்றைய ஆறு கட்டத்துக்கு அன்றன்று காலையில் ஸ்டோர்க்காரர் நீலத் தூள் தடவிய நூலை அடிப்பார். நூலின் மறுமுனையைப் பிடிப்பது வாண்டு. மகள் பிடிக்க, அப்பா சுண்ட, சுவரில் பளிச்சென்று கோடு விழும்.

முதல் நாள் திருவிழா மாதிரி நடந்தது. சாயங்காலம் எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் சும்மா, ஒரு நிறைவுக்காக, ஆறாவது கோட்டிலிருந்து சுவரின் கோடி வரை டேப்பை இழுத்தார். எழுபத்திரண்டு வர வேண்டும். அறுபத்தெட்டு வந்தது.

மறுபடி இழுத்தார். அறுபத்தெட்டு. மூன்றாம் தடவை டேப்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து இழுத்தார். அறுபத்தெட்டு.

பக்கத்து ஜெராக்ஸ் கடையின் மாடிப்படி பணிமனைச் சுவரின் கடைசி நான்கடியை மறைத்துக்கொண்டு நின்றது. தினம் பார்க்கிற படிதான். அதன் முன்னால் எப்போதும் அட்டைப் பெட்டிகளும் கைவண்டியும் இருக்கும். படம் வரைய என்று தெருவைச் சுத்தம் செய்திருந்ததால்தான் அது சுவர்மேல் ஏறி நிற்பது இப்போது அவர் கண்ணில் பட்டது. உள்ளே தொண்ணூற்றாறு, வெளியே தொண்ணூற்றிரண்டு. இருபத்து நான்காம் கட்டத்துக்கு, அதாவது தன் மகளின் படத்துக்கு, சுவரே இல்லை.

அவர் திரும்பித் தெருவைப் பார்த்தார்.

இப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில் நூலகத்தம்மா பிரஷ்களை எண்ணிக்கொண்டிருந்தார். மீதிப் பதினெட்டுப் பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு இரண்டே முக்கால் அங்குலம்கூடப் போகாது. காகிதத்தின் ஓரத்தைக் கத்தரித்தால் போச்சு, ஒரு படத்துக்கும் சேதமில்லை. ஆனால் அந்த அம்மாவின் பக்கத்தில் பெயிண்ட் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். ‘வேற ஆளப் பாத்துக்குங்க’ என்று தான் சொன்னது இவருக்கே காதில் கேட்டது. தன் மகள் கட்டம் போவதால்தான் மற்ற பிள்ளைகள் கட்டத்தில் கை வைக்கிறான் என்று அந்த வாய்நீண்ட அப்பா சொல்லாமல் விடுவாரா? நாளைக்கு ஒரு வழி பிறக்கும் என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டார். மனிதன் தன்னைத்தானே ஏமாற்ற நாளை என்ற ஒரு வார்த்தை போதும்.

இரண்டாம் நாள் காலையில் அவர் கண்டுபிடித்த வழி திருட்டு வழி. யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே முக்கால் அங்குலம் குறைத்தே நூலடித்தார். வாண்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “சரியா இருக்காப்பா?” என்றாள். “ம்” என்றார். முகத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டார்.

அன்றைய ஆறு பேரில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். எல்லோரும் ‘கண்ணாடி’ என்றே கூப்பிடுவார்கள். அவள் தன் காகிதத்தைச் சுவரில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

“அங்கிள், ரெண்டே முக்கால் அங்குலம் இடிக்குது.”

“உன் பேப்பரத்தான் பெருசா வெட்டியிருப்ப” என்றாள் வாண்டு, சாரத்தின் மேலிருந்து. “எங்கப்பா அளவு தப்பாது.”

கண்ணாடியின் முகம் வாடிவிட்டது. பாவம், தன் காகிதத்தைத் தானே சந்தேகமாகப் பார்த்தாள். பெயிண்ட் கடைக்காரர் டப்பாவைக் கலக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“இல்லம்மா, நூல் நழுவிடுச்சு. உன் பேப்பர் சரிதான்” என்று சொல்லி, ஈரத் துணியால் கோடுகளை அழித்து, ஆறையும் முழு நான்கடியாகத் திரும்ப அடித்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கொட்டியிருப்பார்.

மதியம் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். படியின் பக்கச் சுவரிலும் படத்தை நீட்டிக்கொள்ளலாமா என்று மென்று முழுங்கிக் கேட்டார். “எனக்கு ஒண்ணும் இல்லங்க. கட்டட ஓனரக் கேக்கணும். நாளைக்கிச் சொல்றேன்” என்றார் கடைக்காரர். அந்த ‘நாளைக்கி’யை இவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். இனிமேல் பன்னிரண்டு பேர்தான் மிச்சம், ஆளுக்கு நான்கு அங்குலம் என்று மனம் கணக்குப் போட்டது. போடாதே என்று சொன்னாலும் போட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

மூன்றாம் நாள் காலை டீ குடிக்கும்போது மனைவியிடம் சொல்லிவிட்டார். வாண்டு குளித்துக்கொண்டிருந்தாள். தையல்காரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“துணிய வெட்றதுக்கு முன்னாடி சொன்னாத்தான் அது அளவு. வெட்டினதுக்கப்புறம் சொன்னா ஒப்பாரி. இன்னிக்கே சொல்லிடுங்க.”

“ஜெராக்ஸ் கடைக்காரர் இன்னிக்கிப் பதில் சொல்றேன்னிருக்கார்.”

“அவர் என்ன உங்க மாமனா, படிய இடிச்சுத் தர? இருக்கற பன்னெண்டு பேருக்கும் நாலு நாலு அங்குலம் போகும், அவ்ளோதானே? பேசும், திட்டும், ஒரு நாள்ல மறந்துடும்.”

“பாப்பா என்ன நினைப்பா?”

“அதத்தான் நானும் கேக்குறேன்” என்றாள் அவள். குளியலறைக் கதவு திறந்தது. இருவரும் டீயைக் குடித்தார்கள்.

அன்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் போனார். நூலகத்தம்மா வரை போய், “அம்மா” என்று கூப்பிட்டும்விட்டார். அவர் திரும்பி, “நீங்க மட்டும் இல்லன்னா இந்த வேலை இவ்ளோ சுத்தமா நடந்திருக்காது சார்” என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. இதற்கு மேல் எந்த ஆம்பளைக்கு வாய் வரும்? “தண்ணி வேணுமான்னு கேட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து ஆறு கட்டத்துக்கும் முழு நான்கடி நூலடித்தார். அடிக்கிற ஒவ்வொரு கோடும் தன் மகள் கழுத்தில் விழுவதாக இருந்தது. ஆனாலும் அடித்தார்.

மாலை ஐந்து மணிக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார். படியின் பக்கச் சுவரை ஓனர் மெத்தைக் கம்பெனி விளம்பரத்துக்கு விட்டுவிட்டாராம். அடுத்த வாரம் போர்டு வருகிறதாம். ஸ்டோர்க்காரர் சரி என்று தலையாட்டினார். இனி ஆறு பேர், இருபதடி. ஆளுக்கு எட்டு அங்குலம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. முழம் முழம்தான் என்று அவருக்கு அப்போது தெரிந்தது.

நான்காம் நாள். ஆறு பிள்ளைகளும் காகிதச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். வாண்டு நூலின் முனையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் தயாராக நின்றாள். முந்தின நாளே தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தாள், முடி பெயிண்ட்டில் விழக் கூடாது என்று. ஸ்டோர்க்காரர் டேப்பை எடுத்தார். இழுக்கவில்லை.

“நாலடி குறையுது” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. “என்ன சார்?” என்றார் நூலகத்தம்மா.

“சுவரு. வெளிப்பக்கம் தொண்ணூத்திரெண்டுதான். நான் உள்ள அளந்துட்டேன். அந்தப் படி நாலடிய முழுங்கிடுச்சு. ஆறு பேருக்கு இடமில்ல, அஞ்சு பேருக்குத்தான் இருக்கு.”

பெயிண்ட் கடைக்காரர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். அவருக்கு இது கொண்டாடுகிற நேரம், ஆனால் அவர் கொண்டாடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

“எப்பண்ணே தெரிஞ்சுது?”

இந்தக் கேள்விக்குத்தான் மனிதர் விடிகாலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார். இப்பத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் கண்டார்கள்? தப்பு அளவோடு நின்றுவிடும். நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்தும் விட்டது.

அவர் வாயைத் திறப்பதற்குள் வாண்டு முந்திக்கொண்டாள். குரல் உயரவில்லை, ஆனால் கன்னம் சிவந்திருந்தது. “இப்பத்தான் தெரிஞ்சிருக்கும் அங்கிள். முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்பா அப்பவே சொல்லியிருப்பாரு. மறைக்கிற ஆள் இல்ல அவரு.”

இதைக் கேட்டதும் அவருக்கு அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. மகள் தன் தலையில் வைத்த கிரீடத்தோடு பொய் சொல்ல அவரால் ஆகவில்லை. அவ்வளவுதான்.

“முதல் நாள் சாயங்காலமே தெரியும்” என்றார்.

வாண்டு நூலை விட்டுவிட்டாள். அது அவர் கால் வரை சுருண்டு வந்து விழுந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. அழுதிருந்தால் அவர் எதையாவது சொல்லித் தேற்றியிருப்பார். அவள் கீழே உட்கார்ந்து, சாக்பீஸ் துண்டை எடுத்து, நடைபாதைக் கல்லில் கணக்குப் போட்டாள். நாற்பத்தெட்டு அங்குலத்தை அன்று மிச்சமிருந்த பதினெட்டுப் பேருக்கு வகுத்தாள்.

“ரெண்டே முக்கால் கூட வரலயே” என்றாள் கல்லைப் பார்த்தபடி.

நூலகத்தம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வாக்குக் கொடுத்தவர் அவர்தானே. “ரெண்டாம் நாள் கண்ணாடி சொன்னாளே” என்றார் தனக்குள். பிறகு ஸ்டோர்க்காரரிடம் கேட்டார்: “ஏன் சார்?” பயம் என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது வயதில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

பெரியவர்கள் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். நாளைக் காலையில் திறப்பு. கடைசிக் கட்டத்தை விட்டுவிடலாம் என்றார் ஒருவர். உள்பக்கச் சுவரில் வரையட்டும் என்றார் இன்னொருவர், பணிமனைக்குள் யார் பார்ப்பார்கள் என்று யோசிக்காமல். அப்போது வரிசையிலிருந்த ஒரு பையன், சைக்கிள் கடையை வரைந்தவன், சொன்னான்: “நீங்கெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போறீங்களா? நாங்க பேசிக்கிறோம்.”

தள்ளிப் போனார்கள். ஆறு பேரும் காகிதங்களைத் தெருவில் விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தில் செருப்பை வைத்தார்கள். தூரத்தில் நின்ற ஸ்டோர்க்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை, பார்க்க மட்டும் முடிந்தது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சைக்கிள் பையன் தன் காகிதத்தில் ஒரு சக்கரத்தின் மேல் கையை வைத்து மறைத்துப் பார்த்தான், கையை எடுத்தான், மறுபடி வைத்தான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் சுவரில் ஏறிவிட்டால் பெயிண்ட் பிடிக்காது.

கடைசியில் கத்தரிக்கோல் ஒன்று கை மாறி மாறிப் போனது. எட்டு எட்டு அங்குலமாக ஆறு பேரும் வெட்டினார்கள். வாண்டுவின் முறை வந்தபோது அவள் கத்தரியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு பேருக்கு இனி இடமில்லை. ஓரத்தை வெட்டினால் ஓரத்தில் இருப்பவர் போவார். நடுவில் ஒருவரை எடுத்தால் காகிதத்தை இரண்டாக வெட்டி ஒட்ட வேண்டும். அவள் எங்கே வெட்டினாள் என்று அவருக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

எழுந்து வந்தாள். அப்பாவிடம் வரவில்லை. நூலகத்தம்மாவிடம் போய் நின்றாள்.

“இன்னிக்கி அளவு நாங்களே எடுத்துக்கிறோம் ஆன்ட்டி. டேப்பக் குடுக்கச் சொல்லுங்க.”

மூன்றடி தூரத்தில்தான் அவர் நின்றார். பிறந்ததிலிருந்து அவரை அப்பா என்று கூப்பிட்ட வாய். குடுங்கப்பா என்று சொல்லவில்லை, குடுக்கச் சொல்லுங்க என்றாள். அவர் டேப்பைக் கழற்றினார். பெல்ட்டில் அது மாட்டியிருந்த இடம் பழகிப்போய்ப் பள்ளமாக இருந்தது. நூலகத்தம்மா கையில் கொடுத்தார், அவர் வாங்கி அவளிடம் கொடுத்தார்.

அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை. கேட் வழியாக உள்ளே போய் ஸ்டோரைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். லீவு நாள், யாரும் எதுவும் கேட்டு வரப்போவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சாரம் நகர்வதும், நூல் சுண்டுவதும், “கொஞ்சம் இடது, இன்னும், ம், அங்கேதான்” என்று வாண்டு சொல்வதும் கேட்டது. ஒன்பது அங்குலக் கனச் சுவர். மத்தியானம் தையல்காரி சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, “நடக்குது, முடிச்சுடுவாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவர் டப்பாவைத் திறக்கவில்லை. மூன்று மணிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் எதற்கோ சிரித்தார்கள். வாண்டுவின் சிரிப்பும் அதில் இருந்ததா என்று காதைச் சுவரில் வைத்துக் கேட்டார், பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வாண்டு கம்பி ஜன்னல் முன் வந்து நின்றாள். முழங்கை வரை நாலு வர்ணம். டேப்பை ஜன்னல் பலகையில் வைத்தாள்.

“அம்மா வரச் சொன்னாங்க.”

அவர் அவசரமாக எழுந்தார். “முடிஞ்சுதாம்மா?”

“முடிஞ்சுது.”

நாள் முழுக்க வாயில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டார். “பெஞ்சிலேருந்து யார எறக்கின?”

வாண்டு அவரை அன்று முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை அந்தப் பார்வை, கோபமாக இருந்திருந்தால் தேவலை. எந்தப் படத்தையும் வரைந்த கையோடு, ஈரம் காய்வதற்குள் அவர் முன்னால் நீட்டுகிறவள் அவள்.

“நாளைக்கித் திறப்பாங்க இல்ல” என்றாள். “எல்லாரோடயும் சேர்ந்து பாத்துக்குங்க.”

படம் இருக்கிற தெருப்பக்கம் போகாமல் பணிமனையின் பின்கேட் வழியாக நடக்க ஆரம்பித்தாள். சுற்று வழிதான். அவர் ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு, பத்தடி விட்டுப் பின்னால் போனார்.